சக்கரத்தில் மறைந்திருக்கும் அளவு



மோட்டார்க் கார் ஒன்றை வாங்கியவர் அதற்கு அடுத்தபடியாக ஆசைப்படும் பொருள்களுள் புதிய சக்கரங்கள் முக்கியமானவை. தொழிற்சாலையிலிருந்து வந்த எஃகுச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியக் கலவைச் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டால் வண்டிக்குத் தனி எழில் வந்துவிடுகிறது. நகரங்களில் இதற்கெனவே கடைகள் இருக்கின்றன. சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் சக்கரங்களை அண்ணாந்து பார்க்கும் இளைஞர் முதலில் வடிவத்தைப் பார்க்கிறார். பிறகு நிறத்தைப் பார்க்கிறார். அதன்பின் விட்டத்தைக் கேட்கிறார். இறுதியில் விலையைக் கேட்கிறார். இவை நான்கும் முன்னால் நின்றபடியே அறிந்துகொள்ளக்கூடிய செய்திகள். ஆனால் அந்தச் சக்கரம் அவருடைய வண்டிக்கு ஏற்றதுதானா என்பதை முடிவு செய்யும் அளவு, சக்கரத்தின் பின்புறத்தில் மறைந்திருக்கிறது. அந்த அளவைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் அதனை ‘ஆஃப்செட்’ என்பர். பட்டறைகளிலும் அச்சொல்லே வழங்குகிறது. இப்பேச்சில் அதனை ‘விலகல்’ என்று தமிழில் குறிப்பிடுகிறேன். இது பொறியியல் கல்லூரிக்குரிய செய்தியாயிற்றே, நமக்கு எதற்கு என்று பள்ளி மாணவர்கள் எண்ண வேண்டாம். கூட்டல், கழித்தல், இரண்டால் வகுத்தல் ஆகிய மூன்றும் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். இன்று பள்ளியில் இருக்கும் உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வண்டி ஓட்டப் போகிறீர்கள். பணத்தைக் கொடுத்த பிறகு கற்றுக்கொள்வதைக் காட்டிலும், கொடுப்பதற்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லதன்றோ?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று. ஆகவே மாட்டு வண்டியின் சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் நடுவில் இருப்பது குடம். குடத்திலிருந்து நாற்புறமும் கிளம்புபவை ஆரக்கால்கள். ஆரக்கால்களின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது வட்டை. குடத்தின் துளைக்குள் அச்சு நுழைகிறது. சக்கரம் கழன்று வராதபடி கடையாணி காக்கிறது.

இனிக் காருக்கு வருவோம். குடத்தின் வேலையைச் செய்யும் உறுப்பைக் கார்ப் பட்டறையில் ‘ஹப்’ என்பார்கள். இது சக்கரத்தோடு சேர்ந்ததன்று; வண்டியோடு சேர்ந்தது. சக்கரத்தைக் கழற்றும்போது ஹப் வண்டியிலேயே நின்றுவிடும். கழன்று கையில் வருவது இரண்டு பகுதிகளே. ஒன்று, டயரைத் தாங்கும் அகன்ற வளையம். இதுவே ரிம், அதாவது நம் வட்டை. மற்றொன்று, அந்த வளையத்தையும் ஹப்பையும் இணைக்கும் நடுத்தட்டு. எஃகுச் சக்கரத்தில் இது தட்டாகவே இருக்கும். கலவை உலோகச் சக்கரத்தில் ஆரக்கால்களாகப் பிரிந்து அழகு காட்டும். இந்த நடுத்தட்டின் பின்புறத்தில் தட்டையான ஒரு முகம் உண்டு. அதுதான் ஹப்பின்மேல் அழுந்திப் பதிவது. நான்கு அல்லது ஐந்து போல்ட்டுகள் அதனை இறுக்கிப் பிடிக்கின்றன. இதனைப் ‘பதியும் முகம்’ என்று பெயரிட்டுக்கொள்வோம்.

இப்போது அகன்ற வளையத்தை மட்டும் மனக்கண்முன் நிறுத்துங்கள். அதன் அகலத்தைச் சரிபாதியாகப் பிரித்துச் சுற்றிலும் ஒரு கோடு வரையுங்கள். அது நடுக்கோடு. இந்த நடுக்கோட்டுக்கும் பதியும் முகத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் தொலைவோ, அதுவே விலகல்.

மூன்று நிலைகள் உண்டு. பதியும் முகம் சரியாக நடுக்கோட்டிலேயே அமைந்தால் விலகல் பூச்சியம். அம்முகம் நடுக்கோட்டைத் தாண்டித் தெருவைப் பார்க்கும் பக்கமாகத் தள்ளி அமைந்தால் நேர் விலகல். நடுக்கோட்டுக்கு உட்புறமாக, வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்கும் பக்கமாகத் தள்ளி அமைந்தால் எதிர் விலகல். இங்கே மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஹப் அசையாது நிற்கிறது. பதியும் முகம் அதில் ஒட்டியிருக்கிறது. ஆகையால் அந்த முகம் சக்கரத்தின் வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால், சக்கரத்தின் பெரும்பகுதி வண்டிக்கு உள்ளே போய்விடும். அம்முகம் உட்பக்கமாகத் தள்ளி இருந்தால், சக்கரம் வண்டிக்கு வெளியே துருத்தி நிற்கும். சுருங்கச் சொன்னால், விலகல் எண் பெருகப் பெருகச் சக்கரம் உள்ளே செல்கிறது. எண் குறையக் குறைய வெளியே வருகிறது.

இக்காலக் கார்களுள் பெரும்பாலானவை நேர் விலகல் உடையவை. பிரேக்கும், ஹப்பும், ஹப்பைத் தாங்கும் பேரிங்கும், சக்கரத்தைத் திருப்பும் உறுப்புகளும் சக்கரத்தின் குழிவுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் வண்டியின் சுமை அவற்றுக்கு நெருக்கமாக இறங்கும். ஆகவே நடுத்தட்டை வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்து, உள்ளே இடம் உண்டாக்குகிறார்கள்.

இந்த எண்ணைச் சக்கரத்திலேயே பொறித்திருப்பார்கள். ஆரக்காலின் பின்பக்கத்திலோ நடுப்பகுதியிலோ, ‘6½ ஜே × 16 எச்2 ஈடி 50’ என்பது போன்ற எழுத்துகளைக் காணலாம். இதில் 6½ என்பது வளையத்தின் அகலம், அங்குலத்தில். ஜே என்பது வளையத்தின் விளிம்பு எந்த வடிவில் வளைந்திருக்கிறது என்பதைக் குறிக்கும். 16 என்பது விட்டம், அதுவும் அங்குலத்தில். எச்2 என்பது, டயரின் ஓரம் நழுவி உள்ளே விழாதபடி வளையத்தின் இருபுறமும் மேடுகள் இருப்பதைக் காட்டும். ஈடி என்பது ‘ஐன்பிரெஸ்டீஃபெ’ என்னும் ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். நடுத்தட்டை வளையத்துக்குள் எவ்வளவு ஆழம் அழுத்திச் செருகியிருக்கிறார்கள் என்பது அச்சொல்லின் பொருள். அதைத் தொடர்ந்து வரும் 50 என்பதே விலகல், மில்லிமீட்டரில். அகலமும் விட்டமும் அங்குலத்தில், விலகல் மட்டும் மில்லிமீட்டரில் என்பதை மறந்துவிடாதீர்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்.

பொறித்த எழுத்து தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வது? அளந்தே கண்டுபிடித்துவிடலாம். டயர் இல்லாத சக்கரத்தை, முன்பக்கம் கீறல்படாதவாறு ஒரு சாக்கின்மேல் கவிழ்த்து வையுங்கள். மேலே வந்திருக்கும் பின் விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வையுங்கள். சட்டத்திலிருந்து கீழே பதியும் முகம் வரையில் உள்ள ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பின்பு வளையத்தின் முழு அகலத்தை விளிம்போடு சேர்த்து அளந்து, அதில் பாதியை அந்த ஆழத்திலிருந்து கழித்துவிடுங்கள். வருவது விலகல். முழு அகலம் 203 மில்லிமீட்டர், ஆழம் 155.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 203-இல் பாதி 101.5. 155.5-இலிருந்து 101.5 போனால் 54. விலகல் நேர் 54. விளிம்பின் கனமும் சேர்வதால், இந்த முழு அகலம் சக்கரத்தில் பொறித்த அகலத்தைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கும். அதனைக் கண்டு மயங்க வேண்டாம்.

அடுத்து, உண்மையான வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஜெர்மனியில் 2003-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்னும் காரை எடுத்துக்கொள்கிறேன். ஒரே காருக்கு மூன்று அளவுச் சக்கரங்களை அதன் உற்பத்தியாளரே கொடுத்தார் என்பதால் அது நமக்கு நல்ல பாடப் புத்தகமாகிறது. முதலாவது, 6 அங்குல அகலமும் 15 அங்குல விட்டமும் உடையது, விலகல் 47. இரண்டாவது, 6½ அங்குல அகலம், 16 அங்குல விட்டம், விலகல் 50. மூன்றாவது, 7 அங்குல அகலம், 17 அங்குல விட்டம், விலகல் 54. அகலம் கூடும்போதெல்லாம் விலகலும் கூடுவதைக் கவனித்தீர்களா? இது தற்செயலாக நேர்ந்ததன்று.

பதியும் முகத்திலிருந்து சக்கரம் வெளியே எவ்வளவு நீள்கிறது என்று அறிய, அகலத்தின் பாதியிலிருந்து விலகலைக் கழிக்க வேண்டும். உள்ளே எவ்வளவு நீள்கிறது என்று அறிய, அகலத்தின் பாதியோடு விலகலைக் கூட்ட வேண்டும். இவ்விரண்டு விதிகளே போதும். 6 அங்குலத்தில் பாதி 76.2 மில்லிமீட்டர். அதிலிருந்து 47 போக, வெளியே 29.2, அதனோடு 47 சேர, உள்ளே 123.2. இனி 7 அங்குலச் சக்கரத்தைப் பாருங்கள். பாதி 88.9. அதிலிருந்து 54 போக, வெளியே 34.9; 54 சேர, உள்ளே 142.9. ஆகச் சக்கரம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் அகன்றபோது, வெளியே சென்றது 5.7 மில்லிமீட்டர்தான், உள்ளே சென்றது 19.7 மில்லிமீட்டர். அகன்ற சக்கரம் கொடுத்தபோதும், மட்கார்டுக்கு வெளியே அது எட்டிப் பார்க்காதபடியும், சுமை இறங்கும் இடம் வெளியே போய்விடாதபடியும் வடிவமைத்தவர் காத்திருக்கிறார். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்.

இப்போது, ஒருவர் தம் கோல்ஃப் காருக்கு வேறொரு வண்டியின் சக்கரத்தைப் பொருத்த நினைக்கிறார் என்று கொள்வோம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் சி வரிசைக் காரின் சக்கரம் அவர் கண்ணைக் கவர்கிறது. அதன் விட்டமும் 16 அங்குலம். அதிலும் ஐந்து போல்ட்டுகள். போல்ட்டுத் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியே வரையும் வட்டத்தின் விட்டம் இரண்டு வண்டிகளிலும் 112 மில்லிமீட்டர். டயரின் அளவும் ஒன்றே. இத்தனையும் ஒத்திருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் சக்கரத்தின் அகலம் 7 அங்குலம், விலகல் 37. கோல்ஃப் காரின் 16 அங்குலச் சக்கரத்துக்கு அகலம் 6½; விலகல் 50.

கணக்கைப் போடுங்கள். கோல்ஃப் சக்கரத்தின் பாதி அகலம் 82.55, அதில் 50 போக, வெளியே 32.55. மெர்சிடிஸ் சக்கரத்தின் பாதி அகலம் 88.9, அதில் 37 போக, வெளியே 51.9. வித்தியாசம் 19.35. ஆக, ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வெளியே துருத்தும். உள்ளேயோ, 132.55-க்குப் பதிலாக 125.9; அதாவது 6.65 மில்லிமீட்டர் இடம் சும்மா கிடக்கும். சக்கரத்தின் நடுக்கோடே 13 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்துவிட்டது. இரு பக்கமும் சேர்த்தால், சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 26 மில்லிமீட்டர் கூடிவிட்டது.

13 மில்லிமீட்டர் என்பது நம் சுண்டு விரலின் அகலம்தானே, அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று விதத்தில் அதற்கு விடை கூறுகிறேன்.

முதலாவது, பேரிங். நீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கினால் எளிதாக இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் தோள் வலிக்கிறது. வாளியின் எடை மாறவில்லை, தொலைவு மாறியது. எடையையும் தொலைவையும் பெருக்கி வருவதைத் திருப்புதிறன் என்று பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு சக்கரத்தின்மீது 350 கிலோகிராம் சுமை இருப்பதாக வைத்துக்கொண்டால், 13 மில்லிமீட்டர் நகர்வினால் உண்டாகும் கூடுதல் திருப்புதிறன், ஒரு மீட்டர் நீளக் கழியின் நுனியில் நாலரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டுக் கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். வண்டி நிற்கும்போதே இவ்வளவு. பள்ளத்தில் விழுந்து எழும்போது சக்கரத்தின்மீது வரும் விசை இதைக் காட்டிலும் பன்மடங்கு. பேரிங் அன்றைக்கே உடைந்துவிடாது. ஆனால் அதன் ஆயுள் குறையும். சக்கரம் வெளியே போகப் போக நெம்புகோலின் கை நீள்வதால், ஸ்பிரிங்கும் வலுக்குறைந்தது போல அதிகமாக அமுங்கும்.

இரண்டாவது, ஸ்டீயரிங். முன்சக்கரம் திரும்பும்போது அது ஓர் அச்சைச் சுற்றியே திரும்புகிறது. கதவு கீலைச் சுற்றித் திரும்புவது போல என்று கொள்ளுங்கள். அந்த அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது தரையில் ஓரிடத்தைத் தொடும். டயர் தரையைத் தொடும் பகுதியின் நடு வேறோரிடத்தில் இருக்கும். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு மிகச் சிறியது; ஆனால் மிக முக்கியமானது. பிரேக் பிடிக்கும்போது டயரைப் பின்னே இழுக்கும் விசை, இத்தொலைவையே கையாகக் கொண்டு சக்கரத்தைத் திருப்பப் பார்க்கிறது. சக்கரத்தை 13 மில்லிமீட்டர் வெளியே நகர்த்தினால் இத்தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே மாறிவிடுகிறது.

1972-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ‘ஆடி 80’ என்னும் கார் வெளிவந்தது. அதில் திருப்பும் அச்சு, டயரின் நடுவுக்கும் வெளியே தரையைத் தொடும்படி அமைத்திருந்தார்கள். அதன் பயனைப் பாருங்கள். வலப்பக்க டயர் உலர்ந்த தார் மீதும், இடப்பக்க டயர் ஈரமணல் மீதும் இருக்கும்போது பிரேக் பிடித்தால், வலப்பக்கம் அதிகமாகப் பிடிக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆனால் வலச் சக்கரத்தின்மேல் விழும் அந்த விசையே, அச்சு வெளியே அமைந்திருப்பதால், சக்கரத்தை இடப்பக்கம் திருப்பி வண்டியை நேராக்க உதவும். பிரேக் குழாய்களுள் ஒன்று பழுதாகி, ஒரு முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்தாலும் இதே உதவி கிட்டும். 1974-இல் வெளிவந்த முதல் கோல்ஃப் காரிலும் இவ்வமைப்பு இருந்தது. ஆபத்துக் காலத்தில் ஓட்டுபவர் நினைப்பதற்கு முன்னரே துணைக்கு வரும் இந்த ஏற்பாடு, சில மில்லிமீட்டர்களை நம்பியே நிற்கிறது. அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறவர், தாம் எதை இழக்கிறோம் என்பதை அறியாமலே அதனை இழந்துவிடக்கூடும்.

மூன்றாவது, உராய்தல். இதற்கு நானே அறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் தம் காருக்கு அகன்ற சக்கரங்களைப் போட்டிருந்தார். இரண்டு மாதம் நகரத்துக்குள் தனியாகவே ஓட்டிவந்தார். ஒரு குறையும் தெரியவில்லை. கோடை விடுமுறையில் மனைவி, மக்கள், தாய், தந்தை ஆகியோருடன் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்பட்டார். சுமையால் வண்டியின் பின்பாகம் தாழ்ந்தது. பாலங்களின் முகப்பில் வண்டி துள்ளி இறங்கும்போதெல்லாம் பின் டயர் மட்கார்டின் உள்மடிப்பில் உரசியது. ரப்பர் கருகும் வாசனையை முதலில் உணர்ந்தவர் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார்தான். வண்டியை நிறுத்திப் பார்த்தபோது, டயரின் பக்கச் சுவரில் கத்தியால் கீறினாற்போல ஒரு வளையம் விழுந்திருந்தது. உள்ளேயிருந்த நூல்கள் வெளியே தெரிந்தன. அவ்வளவோடு தப்பினார்கள். மற்றொரு பத்து மைல் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. சக்கரம் விற்ற கடையில் வண்டியை வெறுமையாக நிறுத்தி, சக்கரம் சுழல்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறார்கள். முழுச் சுமையோடும், ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இருபுறமும் திருப்பியும் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே துருத்துவதுதான் தீமை, உள்ளே போனால் நன்மை என்று முடிவு செய்துவிடாதீர்கள். விலகல் எண் தேவைக்கு மேல் கூடினால், டயர் உட்புறமாக ஷாக் அப்சார்பரின் குழாயை உரசும். சக்கரத்தைத் திருப்பும்போது பிரேக் ரப்பர்க் குழாயைத் தேய்க்கும். வெளியே உரசினால் ஓசையாவது கேட்கும். உள்ளே நடப்பது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் எட்டாது. ஆகையால் அது அதிக அபாயமுடையது.

விலகல் சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது; அதன் உடன்பிறந்த அளவுகள் சிலவற்றையும் பார்க்க வேண்டும். ஒன்று, போல்ட்டு வட்டம். நான்காம் தலைமுறைக் கோல்ஃப் காரில் அது 100 மில்லிமீட்டர். ஐந்தாம் தலைமுறையில் 112. பெயர் ஒன்று, உற்பத்தியாளர் ஒருவர். ஆயினும் ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் ஏறாது. இரண்டாவது, நடுத்துளை. கோல்ஃப் காரின் ஹப்பில் நடுவே துருத்தும் வட்ட விளிம்புக்கு ஏற்ற துளை 57.1 மில்லிமீட்டர். மெர்சிடிஸ் சக்கரத்தின் துளை 66.6. இடையே 9.5 மில்லிமீட்டர் வெற்றிடம். அதனை நிரப்பச் சரியான வளையம் இல்லாவிடில் சக்கரம் மையத்தில் உட்காராது. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்றாவது, போல்ட்டு. கோல்ஃப் காரின் போல்ட்டு 14 மில்லிமீட்டர் கனம். நாம் எடுத்துக்கொண்ட மெர்சிடிஸ் காரினுடையது 12 மில்லிமீட்டர். போல்ட்டின் தலை வந்து அமரும் குழிவின் வடிவமும் போல்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். உருண்டைக் குழிவில் கூம்புத் தலையை இறுக்கினால், கைக்கு இறுகியது போலத் தோன்றும், ஓட்டத்தில் தளரும். ஆக, நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் கண்ணுக்கு முற்றிலும் பொருந்திய சக்கரம், விலகலால் ஒருமுறையும், துளையால் ஒருமுறையும், போல்ட்டால் ஒருமுறையும் பொருந்தாமற் போகிறது.

சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே ‘ஸ்பேசர்’ என்னும் தட்டையான வில்லையை வைத்து விலகலைச் சரிக்கட்டிவிடலாம் என்பார்கள். 10 மில்லிமீட்டர் வில்லையை வைத்தால், விலகல் 50 உள்ள சக்கரம் 40 உள்ளது போல நடந்துகொள்ளும். கணக்கு சரிதான். ஆனால் அந்த வில்லை சக்கரத்தை வெளியே தள்ள மட்டுமே உதவும். உள்ளே இழுக்க உதவாது. அன்றியும், வில்லையின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்குப் போல்ட்டு உள்ளே ஏறும் நீளம் குறைந்துவிடும். அதற்கேற்ற நீண்ட போல்ட்டும், மையத்தில் பிடிக்கும் விளிம்பும் இல்லாத வில்லையை நம்பி நான்கு உயிர்களை ஏற்றிச் செல்வது அறிவுடைமை ஆகாது.

சட்டத்தையும் நாம் மறக்கலாகாது. வண்டியின் பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்று நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. ஜப்பானில் கலவை உலோகச் சக்கரங்களுக்கென வகுத்த தரத்தை நிறைவேற்றிய சக்கரத்தில் ‘ஜேடபிள்யூஎல்’ என்னும் குறியைக் காணலாம். இவற்றையெல்லாம் அரசாங்கத்தின் கெடுபிடி என்று எண்ணுவது பிழை. தெருவில் நம் வண்டிக்கு எதிரே வருபவர் நம்மை நம்பி வருகிறார். நம் சக்கரம் நமக்கு மட்டும் உரிய சொத்தன்று. அதன் உறுதியில் அவருக்கும் பங்குண்டு.

புதிய சக்கரமே வாங்கக் கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். அழகை விரும்புவது இளமைக்கு இயல்பு. அதனைக் குறை கூறேன். வாங்கும் முறையை மட்டும் கூறுகிறேன். முதலில், வண்டியின் கையேட்டிலோ பழைய சக்கரத்தின் பின்புறத்திலோ உள்ள அகலம், விட்டம், விலகல், போல்ட்டு வட்டம், நடுத்துளை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய சக்கரத்தின் அதே அளவுகளைப் பக்கத்தில் எழுதுங்கள். பாதி அகலத்திலிருந்து விலகலைக் கழித்து வெளி அளவையும், கூட்டி உள் அளவையும் காணுங்கள். உற்பத்தியாளர் அதே காருக்கு அனுமதித்த சக்கரங்களின் எல்லைக்குள் இவை அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்கினால், வண்டியில் ஆட்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிச் சோதியுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, உரிய அளவு இறுக்கச் செய்து, சுமார் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சரிபாருங்கள். விற்பவர் ‘எல்லாம் ஏறும் சார்’ என்று சொன்னால், ‘ஈடி எத்தனை?’ என்று பணிவாகக் கேளுங்கள். விடை தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பள்ளியில் எங்களிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: ‘இந்தக் கணக்கு வாழ்க்கையில் எங்கே உதவப்போகிறது?’ கழித்தலும் கூட்டலும் ஒரு குடும்பத்தை ஆபத்திலிருந்து காக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே உங்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்து விடைபெறுகிறேன். ஒரு காரின் சக்கரம் 6 அங்குல அகலம், விலகல் 45. அதற்குப் பதிலாக 7 அங்குல அகலமும் விலகல் 35-உம் உடைய சக்கரத்தைப் போட விரும்புகிறார்கள். புதிய சக்கரம் எவ்வளவு வெளியே வரும்? எவ்வளவு உள்ளே போகும்? காகிதமும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். வெளியே 22.7 மில்லிமீட்டர் என்றும், உள்ளே 2.7 மில்லிமீட்டர் என்றும் விடை வந்தால், இன்றைய பாடம் உங்களுக்கு நன்கு விளங்கிவிட்டது. வராவிட்டால், பாதி அகலத்தை எடுக்க மறந்தீர்களா, அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றினீர்களா என்று மறுபடியும் பாருங்கள்.